மெஷினை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஈயம்

1845ல் பாரிஸ் எல்லைக்கு வெளியே ஒரு குரு, அதாவது பாதிரியார், கத்தோலிக்கப் புத்தகங்களுக்காக அச்சகம் தொடங்குகிறார், கையில் ஓரளவு பணம் இருக்கிறது, எந்த மெஷின் வாங்குவார் என்று கேட்டிருந்தீர்கள். நாவலுக்காக. அவர் ரோட்டரி வாங்கியதாக எழுதி வைத்திருப்பதாகவும், நடு இரவில் ட்ரெடில் ஓடும் சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பாட்டி எழுந்து உட்காருகிற மாதிரி ஒரு காட்சி இருப்பதாகவும் சொன்னீர்கள்.

முதலில் அந்தப் பாட்டியைத் தூங்க விடுங்கள். காலால் மிதித்து ஓட்டுகிற, சிப்பி மாதிரி வாய் திறந்து மூடுகிற ட்ரெடில், நமக்குத் தெரிந்த வடிவத்துக்கு வந்தது நியூயார்க்கில் கார்டன் என்பவர் கையில், 1850களில். ரோட்டரியும் அப்படித்தான். எழுத்தையே உருளைமேல் கட்டிச் சுழற்றும் ஹோ கம்பெனியின் மெஷின் 1847ல் பிலடெல்பியாவில் ஒரு நாளிதழுக்காக ஓடத் தொடங்கியது. அதுவும் அவசரத்துக்கு அச்சிட்டு மறுநாள் மறந்துவிடும் பேப்பருக்கான மெஷின், பூசைப் புத்தகத்துக்கு ஆகாது. உங்கள் குரு 1845ல் ரோட்டரி வாங்கினால் அது அறிவியல் புனைகதை.

அப்போது அவருக்கு முன்னால் என்னதான் இருந்தது? மூன்று வழி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று, இரும்புக் கை அச்சு. 1800 வாக்கில் இங்கிலாந்தில் ஸ்டான்ஹோப் பிரபு செய்தது முதலாவது. பழைய மரக் கருவியில் ஒரு முழுத்தாளின் ஒரு பக்கத்தை அச்சிட இரண்டு முறை கைப்பிடியை இழுக்க வேண்டும், இதில் ஒரே இழுப்பு. அப்புறம் பிலடெல்பியாவில் ஜார்ஜ் கிளைமர் செய்த கொலம்பியன். உச்சியில் இரும்புக் கழுகு ஒன்று எடைக்கல் வேலை பார்க்கும், ஒவ்வொரு இழுப்புக்கும் எழும்பி இறங்கும். பார்க்க அழகு. அமெரிக்கர்கள் ஏனோ அதிகம் வாங்கவில்லை, 1817ல் அவர் லண்டனுக்கே மூட்டை கட்டிவிட்டார். 1820 வாக்கில் லண்டனில் கோப் செய்த ஆல்பியன் இன்னும் எளிது, பாகங்கள் குறைவு, எடை குறைவு. பிரான்சில் ஸ்டான்ஹோப் வகைதான் பரவலாக இருந்தது, உங்கள் குரு வாங்கியதாக எழுத அதுவே பத்திரம். இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மை தடவ, ஒருவர் இழுக்க. மணிக்கு 200, மிஞ்சினால் 250 தாள், அதுவும் ஒரு பக்கம்.

இரண்டு, சிலிண்டர். பிரெட்ரிக் கோனிக், ஆந்திரேயாஸ் பவர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் லண்டனில் உருவாக்கி, 1814 நவம்பர் 29 அன்று 'டைம்ஸ்' பத்திரிகையை நீராவியில் அச்சிட்டுக் காட்டினார்கள், மணிக்கு 1,100 தாள். எழுத்து படுத்திருக்கும், தாள் உருளைமேல் சுற்றி வந்து அதன்மேல் உருண்டு போகும். நம்மூர்ப் பழைய அச்சகங்களில் சிலிண்டர் மெஷின் பார்த்தவர்களுக்கு வம்சம் புரியும். அந்த இருவரும் ஜெர்மனிக்குத் திரும்பி 1817ல் தொழிற்சாலை தொடங்கிய இடம் வூர்ட்ஸ்பூர்க் பக்கத்தில் ஓபர்செல் என்ற பழைய துறவியர் மடம். 1803ல் அரசு மடங்களைப் பறித்தபோது காலியானது. துறவிகள் செபம் சொன்ன கூடத்தில் செய்த மெஷினை வாங்கி ஒரு குரு செபப் புத்தகம் அச்சிடுவார் என்றால், நாவலாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஜெர்மன் பாத்திரம் ஒருவர் இருந்தால் அவர் வாயில் இதைப் போடுங்கள்.

மூன்று, நடுவாந்தரம். தட்டையான எழுத்தின்மேல் தட்டையான பலகையே இறங்கி அழுத்தும், ஆனால் கை இழுப்புக்குப் பதில் நீராவி. பாஸ்டனில் ஐசக் ஆடம்ஸ் 1830ல் கொண்டுவந்த இந்த வகை அமெரிக்கப் புத்தக அச்சகங்களில் வெகுகாலம் கோலோச்சியது. உங்கள் கதை பாரிஸில் நடப்பதால் இதை விட்டுவிடலாம்.

சரி, இந்த மூன்றில் எது என்று உடனே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் கேள்வியே கொஞ்சம் இடம் மாறி நிற்கிறது என்று எனக்குப் படுகிறது. என் அப்பா லெட்டர்பிரஸ் வைத்திருந்தார், ஒரு ட்ரெடில், ஒரு சிலிண்டர், ஈய எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைக்கும் எழுத்துக் கேஸ் சுவர் நிறைய. வருகிறவர்கள் எல்லாம் சிலிண்டரைத்தான் வாய் பிளந்து பார்ப்பார்கள். அப்பா சொல்வது, "அது பழைய இரும்பு, என் சொத்து அந்தக் கேஸ்ல இருக்கு." சின்ன வயதில் புரியவில்லை. பிறகு பாரிஸில் ஒரு பாதிரியாரின் கதையைப் படித்தபோது புரிந்தது. உங்கள் கதாபாத்திரத்தை உருவாக்குவதற்கு முன் நீங்களும் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நீங்கள் கற்பனை செய்திருக்கும் ஆள் கிட்டத்தட்ட அதே தெருவில் நிஜமாகவே இருந்தார்.

ழாக்-போல் மிஞ். 1800ல் ஒவெர்ஞ் மலைப்பகுதியில் சேன்-ஃப்ளூரில் பிறந்தவர், 1824ல் குருப்பட்டம், ஓர்லேயான் மறைமாவட்டத்தில் ஒரு சிற்றூரில் பங்குக்குரு. அங்கே ஆயரோடு (பிஷப்) ஒத்துப்போகவில்லை. 1833ல் பாரிஸ் வந்து 'லூனிவேர் ரெலிஜியு' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார், மூன்றே வருடத்தில் அதைக் கைமாற்றிவிட்டு, நகர எல்லைக்கு வெளியே பெத்தி-மோன்ரூஜ் என்ற இடத்தில் கத்தோலிக்க அச்சகம் போட்டார். அந்த எல்லைச் சுங்கவாயிலின் பெயர் 'பரியேர் தான்ஃபேர்', அதாவது நரக வாயில். கிண்டலுக்குச் சொல்லவில்லை, அவருடைய புத்தகங்களின் முகப்புப் பக்கத்திலேயே விலாசம் அப்படித்தான் லத்தீனில் இருக்கும். திருச்சபைத் தந்தையர் எனப்படும் பழங்காலக் கிறிஸ்தவ ஆசான்கள் அத்தனை பேரின் எழுத்தும் நரக வாசலுக்குப் பக்கத்தில் அச்சாகி வெளிவந்தது.

ஏன் எல்லைக்கு வெளியே என்பதற்கு இடமும் விலையும் ஒரு காரணம் என்றால், பிரான்சில் அச்சகத் தொழிலின் சட்டமும் நினைவில் இருக்க வேண்டும். நெப்போலியன் 1810ல் போட்ட ஆணைப்படி அச்சகம் நடத்த அரசு உரிமச் சீட்டு தேவை, பாரிஸ் நகருக்குள் இத்தனை அச்சகம்தான் என்று எண்ணிக்கைக் கட்டு வேறு, முதலில் 60, மறுவருடம் 80. இது 1870 வரை நீடித்தது. ஆகவே உங்கள் குரு மெஷின் கடைக்குப் போவதற்கு முன் அரசு அலுவலகப் படியேற வேண்டும், அந்தக் காட்சி உங்கள் நாவலில் இல்லவே இல்லை. மெஷின் வாங்கப் பணம் போதும், சீட்டுக்குப் பணம் போதாது. அப்புறம் இன்னொன்று: 1830 ஜூலைப் புரட்சியின்போது தொழிலாளர்கள் அரச அச்சகத்துக்குள் புகுந்து இயந்திர அச்சுகளை உடைத்தார்கள், பிழைப்பைக் கெடுக்கும் சாமான் என்று. பதினைந்து வருடம்தான் ஆகிறது. உங்கள் குருவிடம் வேலைக்கு வரும் நாற்பது வயது மெஷின்மேன் அன்று சுத்தியல் பிடித்தவனாக இருக்கலாம்.

இப்போது மிஞ் அச்சிட்டதைப் பாருங்கள். 1844 முதல் 1855 வரை லத்தீன் திருச்சபைத் தந்தையர் வரிசை 217 தொகுதி, பிறகு அட்டவணை மட்டும் 4 தொகுதி. 1857 முதல் 1866 வரை கிரேக்க வரிசை 161 தொகுதி, பக்கத்திலேயே லத்தீன் மொழிபெயர்ப்போடு. இதற்கு நடுவே இறையியல் கலைக்களஞ்சியங்கள், மறையுரைத் தொகுப்புகள், வேதாகம விளக்கங்கள், நாளிதழ்கள் வேறு. எதை எடுப்பது, எதை விடுவது என்பதில் சொலேம் மடத்துத் துறவி பித்ரா பெரிய உதவி, அவர் பின்னால் கர்தினால் ஆனார். மூலப்பிரதி பெரும்பாலும் பழைய பதிப்புகள்தான், முன்னோர் உழைத்துச் செம்மைப்படுத்தி வைத்திருந்த பெரிய தாள் புத்தகங்களை எடுத்து அப்படியே எழுத்துக் கோக்கும் கம்போசிங்குக்குக் கொடுத்துவிட்டார். அதற்காக அவரைத் திட்டுகிறவர்கள் உண்டு. நான் திட்ட மாட்டேன், ஏழைப் பங்குக்குருவின் அலமாரிக்கு அந்தத் தந்தையரில் ஒருவரான அகுஸ்தினாரைக் கொண்டு சேர்த்த மனுஷன்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். என் தோராயம்தான், ஆனால் அடித்தளம் சரியானது. லத்தீன் வரிசையின் ஒரு தொகுதியில் சுமார் 1,300 பத்தி (செய்தித்தாளில் வருகிற மாதிரி நெடுக்குப் பத்தி, காலம்) வரும். பக்கத்துக்கு இரண்டு பத்தி, ஆகவே 650 பக்கம். பொடி எழுத்து, ஒரு பத்தியில் 3,500 எழுத்து என்றால் தொகுதிக்கு நாற்பத்தைந்து லட்சம் எழுத்து. நல்ல கம்பாசிட்டர் மணிக்கு 1,200 எழுத்து கோப்பார் என்று தாராளமாகவே வைப்போம். 3,750 மணி நேரம். தினம் பத்து மணி நேரம் வேலை என்றால் ஒரு ஆளுக்கு 375 நாள். இதில் திருத்தமும் இல்லை, அச்சிட்ட பிறகு எழுத்தைப் பிரித்துத் திரும்பக் கேஸில் போடுவதும் இல்லை. வருடத்துக்குக் கிட்டத்தட்ட 20 தொகுதி வந்தது, ஆக திருத்தம், பிரிப்பு எல்லாம் சேர்த்தால் இந்த ஒரு வரிசைக்கே முப்பது பேராவது இடைவிடாமல் நிற்க வேண்டும்.

இப்போது அச்சுப் பக்கம். தாளுக்கு 16 பக்கம் என்றால் 650 பக்கத்துக்கு 41 தாள். ஆயிரம் பிரதி போட, இரண்டு பக்கமும் சேர்த்து 82,000 இழுப்பு. கை அச்சில் மணிக்கு 200 வீதம் 410 மணி நேரம், 41 நாள். வருடத்துக்கு 20 தொகுதி என்றால் 820 நாள், மூன்று கை அச்சு போதும்! உலகத்தின் மிகப் பெரிய இறையியல் நூல்வரிசைக்கு, ஆயிரம் பிரதி அளவில், மூன்று ஸ்டான்ஹோப்பும் ஆறு தடியன்களும் போதும். முப்பது கம்பாசிட்டருக்கு ஆறு மெஷின்மேன். இந்த விகிதத்தைப் பார்த்தபிறகுதான் அப்பா சொன்னது மண்டையில் ஏறியது.

மிஞ் என்னவோ நீராவி மெஷின்கள்தான் வைத்திருந்தார், சில நூறு பேர் வேலை செய்தார்கள், பார்க்க வந்தவர்கள் எல்லாம் அந்தப் புகையையும் சத்தத்தையும்தான் எழுதி வைத்தார்கள். ஆனால் அவர் கெட்டிக்காரத்தனம் ஸ்டீரியோ தகட்டில் இருந்தது. கோத்த பக்கத்தின்மேல் அச்சுக்குழி எடுத்து, அதில் ஈயக் கலவையை ஊற்றி, பக்கம் முழுவதையும் ஒரே தகடாக்கி வைத்துக்கொள்வது. முன்பு அச்சுக்குழியைச் சுண்ணச்சாந்தில் எடுத்தார்கள், உடைந்துவிடும். லியோனைச் சேர்ந்த கிளோத் ழெனு 1829ல் ஈரத்தாள் அடுக்கில் குழி எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார், அது லேசு, மடிக்கலாம், அடுக்கலாம். தகடு எடுத்துவிட்டால் எழுத்தைப் பிரித்து அடுத்த தொகுதிக்குக் கொடுத்துவிடலாம். இன்று 500 பிரதி, சந்தாதாரர் சேர்ந்தால் அடுத்த வருடம் இன்னும் 300. அந்த 375 நாள் உழைப்பு மறுபடி வேண்டாம். வேதாகம விளக்கமும் அகுஸ்தினாரும் நாவல் மாதிரி ஒரே சீசனில் விற்றுத் தீருவதில்லை, ஐம்பது வருடம் சொட்டுச் சொட்டாக விற்கும். அந்த மாதிரிச் சரக்குக்குத் தகடுதான் கிடங்கு. உங்கள் குரு 1845ல் ஒரே ஒரு புத்திசாலித்தனம் செய்யலாம் என்றால், இரண்டாவது மெஷின் வாங்கும் பணத்தில் தகடு வார்க்கும் அடுப்பு போடச் சொல்லுங்கள்.

ஈயம் அதிகம் வேண்டும் என்பதற்குக் கத்தோலிக்கப் பதிப்பாளருக்கே உரிய இன்னொரு காரணம் உண்டு, பொதுவான அச்சு வரலாறுகளில் இது கண்ணில் படுவதில்லை. தணிக்கை. ஆயரின் அனுமதி இல்லாமல் பக்திப் புத்தகம் வெளிவராது. பூசைப் புத்தகம் என்றால் இன்னும் மோசம், ரோமையின் மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது என்று மறைமாவட்டம் சான்று தர வேண்டும். புரூஃபை ஆயர் இல்லத்துக்கு அனுப்புவீர்கள், அங்கே ஒரு வயதான இறையியல் பேராசிரியர் ஓய்வு நேரத்தில் மெதுவாகப் படிப்பார், நடுவில் தவக்காலம் வரும், காய்ச்சல் வரும். அதுவரை பக்கம் கட்டியபடியே நிற்க வேண்டும். 48 பக்கம் அப்படி நின்றால் கேஸ்கள் காலி, கம்பாசிட்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், கூலி மட்டும் ஓடும். மெஷின் வேகம் இங்கே ஒரு உதவியும் செய்யாது. நீராவி சிலிண்டர் வாங்கிவிட்டு எழுத்து வாங்கப் பணம் இல்லாத அச்சகம், பத்து மாடு கட்டும் தொழுவம் கட்டிவிட்டு ஒரு கன்றுக்குட்டி வைத்திருக்கிற கதை.

அடுத்தது சிவப்பு. பூசைப் புத்தகத்தில் குரு சொல்ல வேண்டிய வார்த்தை கறுப்பில், செய்ய வேண்டியது சிவப்பில். ஒரே பக்கத்தில், சில இடத்தில் ஒரே வரியில், இரண்டும் வரும். ஆக ஒவ்வொரு பக்கமும் இரண்டு தடவை அச்சுக்குள் போக வேண்டும், சிவப்பு எழுத்து கறுப்பின் தலையில் ஏறாமல் உட்கார வேண்டும். அந்தக் காலத்தில் தாளை நனைத்துத்தான் அச்சிட்டார்கள், ஈரத்தாள் மையை நன்றாக வாங்கும். ஆனால் முதல் நிறம் அடித்து இரண்டாவதுக்கு வருவதற்குள் தாள் காய்ந்தால் சுருங்கிவிடும், அரை நூல் விலகினாலும் பார்த்தவுடன் தெரியும். ஊசி முனையில் தாளைக் குத்தி, இரண்டாம் முறை அதே ஓட்டையில் மாட்டி, நின்று நிதானமாகச் செய்கிற வேலை இது. கை அச்சுக்கும் பொறுமையான ஆளுக்கும் உரிய வேலை. எங்கள் அச்சகத்திலேயே ஒருமுறை ஒரு பங்கின் நவநாள் புத்தகத்துக்குச் சிவப்புத் தலைப்பு வேண்டும் என்று ஒப்புக்கொண்டு, மழை நாளில் முதல் நிறத்தையும் வெயில் நாளில் இரண்டாவதையும் ஓட்டி, புனிதர் பெயர் பூராவும் மீசை வைத்த மாதிரி விலகி வந்து, 2,000 பிரதியையும் பழைய பேப்பருக்குப் போட்டோம். அப்பா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

பூசைப் புத்தகத்தில் பாட்டு வேறு வரும். கிரகோரியன் இசைக்கு நாலு கோடு, பெரும்பாலும் சிவப்பில், அதன்மேல் சதுரச் சதுரமாகக் கறுப்புச் சுரம். அதற்கென்று தனி எழுத்தே வார்க்க வேண்டும். இதை ஒரு தொழிலாகவே செய்தவர்கள் ரேகென்ஸ்பூர்க் நகரின் பூஸ்டெட், 1826ல் அங்கே கடை போட்டு, பிறகு வழிபாட்டு நூல்களில் இறங்கி, ரோமையிடமிருந்து இசை நூல்களுக்கு முப்பது வருடத் தனியுரிமையே வாங்கியவர்கள். அதற்குப் போட்டியாகச் சொலேம் துறவி போத்தியே தயாரித்த இசைநூல் 1883ல் பெல்ஜியத்தின் தூர்னே நகரில் தெக்லே அச்சகத்தில் வந்தது. சண்டை இசையைப் பற்றித்தான், ஆனால் சுரத்தின் ஈய வடிவம் யாரிடம் நன்றாக இருந்தது என்பதும் அதில் சேர்த்தி.

ஆக, ஒரே மாதிரியான 'கத்தோலிக்கப் புத்தகம்' என்று ஒன்று இல்லை. நீங்கள் உங்கள் குரு என்னென்ன அச்சிடுகிறார் என்று சொல்லவே இல்லை, 'பக்திப் புத்தகங்கள்' என்று விட்டுவிட்டீர்கள். மலிவு செபப் புத்தகம், ஞானோபதேசக் குறிப்பிடம் (மறைக்கல்விப் புத்தகம்), பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுக்கும் கதைப் புத்தகம் இதெல்லாம் பல்லாயிரக் கணக்கில் போகும், அதற்குச் சிலிண்டர்தான் சரி, யோசிக்கவே வேண்டாம். தூர் நகரில் மாம் குடும்பம் அப்படித்தான் வளர்ந்தது, அச்சும் பைண்டிங்கும் ஒரே கூரைக்குக் கீழே, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். திருச்சபைத் தந்தையர் என்றால் தகடு, மெஷின் எதுவானாலும் சரி. பூசைப் புத்தகம் என்றால் கை அச்சு.

பூசைப் புத்தகத்துக்குத் தகடு எடுக்கலாமே என்று கேட்பீர்கள். எடுக்கலாம், ஆனால் பிரான்சில் 1840களில் அது சூதாட்டம். அப்போது பல மறைமாவட்டங்கள் தங்களுக்கென்று தனி வழிபாட்டு நூல் வைத்திருந்தன, சொலேம் மடத்தலைவர் கெராஞ்சே எல்லாரும் ரோமை முறைக்கு மாற வேண்டும் என்று புத்தகம் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு மறைமாவட்டமாக மாறவும் தொடங்கியது. ஒரு மறைமாவட்டத்துக்கென்று ஆயிரம் தகடு வார்த்து வைத்த பதிப்பாளருக்கு, புது ஆயர் வந்து ஒரு சுற்றுமடல் எழுதினால் அத்தனையும் உருக்கி ஈயம். ரோமை முறையே ஆனாலும் அமைதி கிடையாது. 1854 டிசம்பர் 8ல் அமல உற்பவம், அதாவது மரியாள் பாவமாசின்றிக் கருவில் உருவானார் என்பது, விசுவாச சத்தியமாக அறிவிக்கப்பட்டது, சில வருடத்தில் அந்தத் திருநாளுக்குப் புதிய பூசையே வந்தது. தகட்டை வெட்டி ஒட்டுப்போட வேண்டும், அல்லது பின்னால் ஒட்டுத்தாள் சேர்க்க வேண்டும். மிஞ் இந்த வம்பில் மாட்டாமல் பிழைத்ததற்குக் காரணம், நாலாம் நூற்றாண்டு ஆயர் யாரும் தன் மறையுரையை மாற்றப் போவதில்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். மிஞ் முன்கூட்டியே சந்தா திரட்டினார், எல்லாரும் செய்வதுதான். அதோடு ஒரு விநோதம்: மக்கள் பூசைக்காகக் கொடுக்கும் காணிக்கையை வாங்கிக்கொண்டு, அந்தப் பூசைகளை வைக்கும் குருக்களுக்குப் பணத்துக்குப் பதில் புத்தகம் கொடுத்தார். கிராமத்துச் சாமியாரிடம் பணம் ஏது, நேரம்தான் உண்டு, அவர் பூசை வைத்து நூலகம் சேர்த்தார். எல்லாருக்கும் லாபம் போலத் தெரிந்தாலும் திருச்சபைக்கு இது பிடிக்கவில்லை, கடைசியில் ரோமை இதைக் கண்டித்து ஆணை போட்டது. உங்கள் குருவுக்கு இந்தப் பழக்கத்தைக் கொடுத்தால் வில்லன் ஆக்காமல் கொடுங்கள்.

இரண்டாம் பாகத்தில் அவருடைய நண்பர் இந்தியாவுக்கு மிஷனரியாக வந்து அச்சகம் தொடங்குகிறார் என்றீர்கள். நல்லது, அங்கே விதி வேறு. பழுதானால் பாகம் கிடைக்காது, நிலக்கரி இல்லை, இன்ஜின் பார்க்க ஆள் இல்லை. கழற்றி மாட்டக்கூடிய கை அச்சுதான் வழி. அமெரிக்காவில் சாமுவேல் ரஸ்ட் செய்த வாஷிங்டன் வகை இதற்கென்றே பிறந்தது மாதிரி, சட்டத்தின் தூண்கள் உள்ளே கூடு, பிரித்துப் பெட்டியில் அடுக்கலாம். பாண்டிச்சேரியில் பாரிஸ் வேதபோதக சபையின் தூய்ப்யுய் அடிகள் 1840ல் மிஷன் அச்சகம் தொடங்கினார், 1846லேயே லத்தீன்-பிரெஞ்சு-தமிழ் அகராதி போட்டார்கள், பிறகு தமிழ்-பிரெஞ்சு அகராதி. இங்கே தலைவலி மெஷின் இல்லை, தமிழ் எழுத்து. லத்தீனுக்கு நூறு சொச்சம் அறை போதும் என்றால் நமக்கு அதைவிட அதிகம் வேண்டும், எழுத்தும் பெரிதாக இருந்தால் தாள் செலவு கையைக் கடிக்கும். சென்னையில் அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் ஹண்ட் தமிழ் எழுத்தைச் சின்னதாக வார்த்ததற்குக் காரணமே இதுதான்.

இன்னும் நல்ல கதை வேண்டுமா, மலைக்கு அந்தப் பக்கம் போங்கள். கோட்டயம் அருகே மான்னானத்தில் சாவறை குரியாக்கோஸ் ஏலியாஸ் அடிகள், 2014ல் புனிதர் ஆனவர், 1846ல் அச்சகம் போட்டார். கோட்டயத்திலேயே ஆங்கிலிக்கன் சபையின் அச்சகம் 1821 முதல் இருந்தது, ஆனால் உள்ளே விட்டுக் காட்டவில்லை என்பார்கள். அவர் திருவனந்தபுரம் போய் அரசு அச்சகத்தைப் பார்த்துவிட்டு வந்து, வாழைத்தண்டில் மாதிரி செய்து, தச்சரிடம் கொடுத்து மரத்தில் அச்சுப்பொறி செய்துகொண்டார். ஐரோப்பாவில் இரும்பு அச்சு வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த மரப்பொறியில் முதலில் வந்தது 'ஞானபீயூஷம்' என்ற செபநூல், தமிழிலிருந்து மலையாளத்துக்குப் பெயர்த்தது. 1887ல் அதே அச்சகத்திலிருந்து 'நஸ்ராணி தீபிகை' பத்திரிகை பிறந்தது, பின்னால் அது 'தீபிகை' நாளிதழ் ஆனது.

கடைசியாக உங்கள் தீ விபத்து. குரு உயிரைப் பணயம் வைத்து எரியும் கட்டடத்திலிருந்து மெஷினைக் காப்பாற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில், ஒரு டன் இரும்பை யாரும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. இரண்டாவது, தேவையும் இல்லை, இரும்பு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மிஞ்சுக்கு நிஜமாகவே அது நடந்தது, 1868 பிப்ரவரி 12 இரவு. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட தகடுகள் போயின. ஈயக் கலவை அடுப்புச் சூட்டிலேயே இளகுகிற சாமான், கிடங்கு பற்றினால் தண்ணீர் மாதிரி ஓடும். காப்பீட்டில் கிடைத்தது சொற்பம். அதன்பின் பேராயர் தார்புவா தொழிலை நிறுத்தச் சொன்னார், 1870ல் பிரஷ்யாவோடு போர் வந்தது, 1875ல் மிஞ் இறந்தார், மறுவருடம் எல்லாம் கார்னியே சகோதரர்கள் என்ற பதிப்பாளர்கள் கைக்குப் போனது.

அவர்கள் பல தொகுதிகளைத் திரும்பக் கோத்து அச்சிட்டார்கள். கோத்தது வேறு ஆள், வேறு எழுத்து, ஆகவே சில தொகுதிகளில் பத்தி எண் நகர்ந்துவிட்டது. அகுஸ்தினாரின் 'பாவ அறிக்கை'யை ஆய்வாளர்கள் இன்றும் 32ஆம் தொகுதி, 659ஆம் பத்தி என்றுதான் குறிக்கிறார்கள். அந்த எண் 1868க்கு முந்தைய தகட்டுக்கு உரியது, அதனால்தான் பழைய புத்தகக் கடைக்காரர்கள் வருடத்தைப் பார்த்துவிட்டு விலை சொல்கிறார்கள். உங்கள் குரு எதையாவது தூக்கிக்கொண்டு ஓடியே ஆக வேண்டும் என்றால், ஈரத்தாளில் எடுத்துக் காயவைத்த அச்சுக்குழிகளை அங்கியில் சுருட்டிக்கொண்டு ஓடட்டும். எடை இருக்காது, ஓட முடியும், மறுநாள் எந்த அச்சகத்தில் கொடுத்தாலும் ஈயம் ஊற்றித் தருவார்கள்.